ராமநாதபுரம் கரையில் வெளிநாட்டுப் படச் சங்கம் தொடங்க: கடிதம் முதலில், மண்டபம் பிறகு

ஏதோ ஒரு நாட்டின் சினிமாவை எடுத்துக்கொண்டு, மாதம் ஒரு படமாக உள்ளூர் ஆட்களுக்குக் காட்டுகிற சங்கத்தை, சம்பளம் வாங்காத ஏழெட்டுப் பேர் நடத்திவிட முடியும். சென்னையில் இதைச் செய்கிறவர்கள் சொல்லும் யோசனைகள் ராமநாதபுரத்துக்கோ கீழக்கரைக்கோ பாதிதான் பொருந்தும். இங்கே துணைத் தூதரகம் கிடையாது. நல்ல ப்ரொஜெக்டர் வேண்டுமென்றால் பல சமயம் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். தேதியைக் காலண்டரோடு கடலையும் பார்த்துத்தான் குறிக்க முடியும்.

தொடங்கிய வேகத்தில் படுத்துவிடும் சங்கங்களில் பெரும்பாலும் பணம் பிரச்சினையாக இருப்பதில்லை, வரிசைதான் தப்பியிருக்கும். மண்டபம் பிடித்து, நோட்டீஸ் அடித்து, மாவட்டக் கல்வி அதிகாரியை விருந்தினராக அழைத்த பிறகு "படத்துக்கு அனுமதி வாங்கியாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் கூட்டத்திலிருந்து முதல் திரையிடல் வரை ஐந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த நாடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ரசனையை வைத்து மட்டும் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த நாட்டின் பண்பாட்டு மையமோ துணைத் தூதரகமோ சென்னையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

பிரான்சுக்கு நுங்கம்பாக்கத்தில் அலையன்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, புதுச்சேரியில் துணைத் தூதரகம் இருக்கிறது. ஜெர்மனிக்கு கோத்தே இன்ஸ்டிடியூட், ரஷ்யாவுக்கு ரஷ்யன் ஹவுஸ், கொரியாவுக்கு இன்கோ சென்டர், எல்லாம் சென்னையிலேயே. ஜப்பானுக்குச் சென்னையில் துணைத் தூதரகம் உண்டு, ஆனால் படங்களைக் கவனிக்கும் ஜப்பான் ஃபவுண்டேஷன் டெல்லியில். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்னையில் துணைத் தூதரகங்கள் உண்டு. இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே போய்வந்த ஊர்கள் இருப்பதால், அந்நாட்டுப் படங்களுக்குக் கூட்டம் சேர்ப்பது எளிது. ஆனால் ஆண்டு முழுக்க ஓட்டும் அளவுக்குப் படம் கிடைப்பது சிரமம்.

எல்லோரும் ஆசைப்படுவது ஈரான் படங்களுக்கு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொருளாதாரத் தடைகளால் இங்கிருந்து ஈரானுக்கு நேராகப் பணம் அனுப்ப வங்கிகள் தயங்கும். பல படங்களின் வெளிநாட்டு உரிமை பாரிஸ் நகர முகவர்களிடம்தான் இருக்கும், அவர்கள் கட்டணம் கேட்பார்கள். முதல் ஆண்டில் ஈரானைத் தொடாதீர்கள்.

இலங்கைப் படம் போடவேண்டும் என்ற எண்ணம் தனுஷ்கோடிப் பக்கம் இருப்பவர்களுக்கு வருவது இயற்கை. அதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும், ஆனால் முதல் படமாக வேண்டாம். 2014இல் ஒரு சிங்கள இயக்குநரின் படம் சென்னையிலேயே எதிர்ப்பால் திரையிலிருந்து இறக்கப்பட்டது. இங்கே படகு பிடிபட்ட வாரத்தில் சிங்கள வசனம் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சங்கத்துக்கு ஊரில் ஒரு பெயர் வந்தபிறகு, மீனவர் சங்கத் தலைவர்களை முன்கூட்டியே நேரில் பார்த்துப் பேசி, உறுப்பினர்களுக்கு மட்டும், மூடிய அரங்கில் போடுங்கள்.

2. ஏழு பேர், ஒரு துணைவிதி, ஒரு முகவரி

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு. குறைந்தது ஏழு பேர் வேண்டும். நிர்வாகக் குழுவில் மூவருக்குக் குறையக் கூடாது, அதன் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அசல்களைக் காட்ட வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியவை: சங்க அமைப்பு விதிக்குறிப்பும் துணைவிதிகளும், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தோடு, ஏழு பேரின் ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், சங்க முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், கூடவே அந்த வீட்டின் சொத்துவரி ரசீது. சம்மதக் கடிதத்தில் இருக்கும் பெயரும் வரி ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் ரசீது, மகன் பெயரில் கடிதம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். இந்தப் பக்கம் பல வீடுகள் சவூதியிலோ துபாயிலோ இருப்பவர் பெயரில் இருப்பதால், முகவரி தரப்போகும் வீட்டின் ரசீதை முதல் வாரமே வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

சங்கத்தின் பெயரில் "இந்திய", "தேசிய", "அரசு" போன்ற சொற்கள் வேண்டாம், கேள்வி வரும். நாட்டின் பெயரையும் தவிர்ப்பது நல்லது. பின்னால் வேறு நாட்டுப் படம் காட்ட விரும்பினால் பெயரே தடையாகிவிடும். ஊர்ப் பெயரோடு "திரைப்படச் சங்கம்" என்று இருந்தால் போதும்.

துணைவிதியில் கட்டாயம் இருக்க வேண்டிய மூன்று வரிகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, சங்கம் லாப நோக்கமற்றது, வரும் பணம் நோக்கத்துக்கு மட்டுமே செலவாகும். இரண்டு, திரையிடல்கள் உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் பதிவுசெய்த விருந்தினர்களுக்கும் மட்டும். மூன்று, உறுப்பினராகக் குறைந்த வயது 18. இந்த மூன்றும் இருந்தால் பிறகு தூதரகமோ தகவல் ஒலிபரப்பு அமைச்சகமோ கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் தயார். "திரைப்படத் தயாரிப்பு", "விநியோகம்" என்று நோக்கங்களைப் பெரிதாக்காதீர்கள். அதைப் பார்த்தால் வணிகம் என்று நினைப்பார்கள்.

ஏழு பேரும் ஒரே தெருவாக இருக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் மூவர், கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் என்று ஊருக்கொருவர், கல்லூரியில் வேலை செய்யும் ஒருவர் என இருந்தால் அரங்கம் பிடிப்பது, கடிதத்தில் கையெழுத்து வாங்குவது எல்லாம் சுலபம். செயலாளர் மட்டும் ராமநாதபுரத்திலேயே இருக்கட்டும். பதிவாளர் அலுவலகம், வங்கி, ஆட்சியர் அலுவலகம் எல்லாவற்றுக்கும் அலைவது அவர்தான்.

அரசுக் கட்டணத்தைவிட ஆவணம் எழுதுபவருக்கும் நகல்களுக்கும் ஆகும் செலவே பெரிது. மொத்தமாக 5,000 முதல் 8,000 ரூபாய் ஒதுக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. பான், வங்கி, வெளிநாட்டுப் பணம்

பதிவுச் சான்று வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் எடுத்து, கணக்குத் தொடங்கும் தீர்மானத்தை நிர்வாகக் குழுவில் நிறைவேற்றி, வங்கிக்குப் போங்கள். நடப்புக் கணக்குதான் திறக்க முடியும் என்று சொன்னால், பதிவுபெற்ற சங்கத்துக்குச் சேமிப்புக் கணக்கு உண்டு என்று கேட்டு வாங்குங்கள். நடப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அதிகம். கையெழுத்து இருவர் சேர்ந்து போடுவதாக இருக்கட்டும்.

இதுவரை வேலை எளிது. பெரிய பள்ளம் வெளிநாட்டுப் பணத்தில் இருக்கிறது, அதிலும் இந்தக் கரைக்குத்தான் அது மிக ஆழம்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி, அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்கக் கூடாது. தூதரகம் வெளிநாட்டு மூலம். "விழாவுக்கு 50,000 தருகிறோம்" என்று அவர்களே சொன்னாலும், சங்கக் கணக்கில் வாங்காதீர்கள். புதிய சங்கத்துக்கு அந்தப் பதிவு கிடைக்காது, மூன்றாண்டு செயல்பாடும் செலவும் காட்ட வேண்டும். தூதரகத்திடம் படத்தை மட்டும் கேளுங்கள், பணம் கேட்காதீர்கள். பேச்சாளரை அனுப்பினால் பயணச் செலவை அவர்களே நேரடியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஊர்க்காரர் அனுப்பும் பணத்தில் அவரது கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதுதான் எல்லாம். துபாயில் வேலை செய்யும் கீழக்கரைக்காரர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகலையும் "இது என் சொந்தச் சேமிப்பு" என்ற ஒரு வரிக் கடிதத்தையும் கோப்பில் வையுங்கள். அதே குடும்பத்தில் மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால், ஐநூறு ரூபாயாக இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். நல்ல மனதோடு வரும் பணத்தை மறுப்பது சங்கடம், ஆனால் மறுக்கத்தான் வேண்டும்.

4. படத்துக்கான உரிமை

முழு வேலையின் கனமும் இங்கேதான்.

இலவசமாகக் காட்டினால் அனுமதி தேவையில்லை என்பது தவறு. பதிப்புரிமைச் சட்டம், 1957 பொழுதுபோக்குச் சங்கங்களுக்குக் கட்டணமில்லா நிகழ்ச்சியில் தரும் விலக்கு, இலக்கியம், நாடகம், இசைப் படைப்புகளை நிகழ்த்துவதற்கு மட்டும். திரைப்படத்துக்கு அது பொருந்தாது. ஓடிடி சந்தா உங்கள் வீட்டுக்கானது. கடையில் வாங்கிய ப்ளூ-ரேயும் அப்படித்தான். எண்பது பேர் உட்கார்ந்து பார்க்க, உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

அனுமதி வரும் வழிகள் மூன்று. முதலாவது, பண்பாட்டு மையம். கோத்தே இன்ஸ்டிடியூட்டிடம் வணிக நோக்கமற்ற திரையிடலுக்கு உரிமை வாங்கிவைத்த படங்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் படங்களுக்கு இதே மாதிரி ஒரு தொகுப்பை ஐஎஃப்சினிமா என்ற பெயரில் அந்நாட்டு நிறுவனம் வைத்திருக்கிறது, அதற்கு அலையன்ஸ் வழியாகப் போவதே சுலபம். முதல் ஆண்டில் இந்த வழியை மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு. 1959இல் தொடங்கியது, முதல் தலைவர் சத்யஜித் ராய். உறுப்புச் சங்கங்களுக்குத் தூதரகப் படங்களைச் சுற்றுக்கு விடுவார்கள். தமிழ்நாடு தென்மண்டலத்தில் வருகிறது. பதிவுச் சான்று, துணைவிதி, உறுப்பினர் பட்டியல் வைத்து இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்தும் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷனோடும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டுப் படவாரம் சென்னையில் முடிந்த கையோடு அதே படங்களை இங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்கலாம், சில சமயம் நடக்கும்.

மூன்றாவது, நேராக உலக விற்பனை முகவரிடம் கேட்பது. யாரிடம் உரிமை என்பதைப் பிரெஞ்சுப் படங்களுக்கு யூனிஃபிரான்ஸ், ஜெர்மன் படங்களுக்கு ஜெர்மன் ஃபிலிம்ஸ், கொரியப் படங்களுக்குக் கொரியத் திரைப்படக் கவுன்சில், ஜப்பானியப் படங்களுக்கு யூனிஜப்பான் ஆகியவற்றின் தகவல் தளங்களில் தேடலாம். முகவர் ஒரு திரையிடலுக்கு நூற்றுக்கணக்கான யூரோ கேட்பது வழக்கம். சின்ன ஊர், உறுப்பினர் மட்டும், டிக்கெட் இல்லை என்று விளக்கினால் குறைப்பவர்கள் உண்டு, விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் எழுதுவதற்கு முன், அந்தப் படத்தின் இந்திய உரிமையை இங்கே யாராவது வாங்கிவிட்டார்களா என்று பாருங்கள். வாங்கியிருந்தால் வெளிநாட்டு முகவர் அனுமதி தந்தாலும் செல்லாது.

மின்னஞ்சல் அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் இவை இருக்கட்டும்: சங்கப் பெயர், பதிவு எண், படத்தின் மூலப் பெயர், இயக்குநர், ஆண்டு, தேதியும் ஒரு மாற்றுத் தேதியும், இடம், இருக்கை எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம் இல்லை என்பது, எத்தனை முறை காட்டுவீர்கள், எந்த வடிவில் படம் வேண்டும், தமிழில் வசனவரி சேர்க்க அனுமதி. இந்தக் கடைசி வரியை மறந்தால் பிறகு தனியாகக் கெஞ்ச வேண்டியிருக்கும். "உங்கள் படத்தின் தீவிர ரசிகர்கள்" என்று ஒரு பத்தி எழுதுவதால் பயன் இல்லை, அவர்கள் அதைப் படிப்பதே இல்லை.

பதில் வர இரண்டு முதல் ஆறு வாரம். ஆகஸ்டில் பிரான்சுக்கு எழுதாதீர்கள், அலுவலகமே விடுமுறையில் இருக்கும். ஜப்பானுக்கு ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும், ஆகஸ்ட் நடுவும் அப்படியே. ஐரோப்பா முழுக்க டிசம்பர் 20க்குப் பிறகு இரண்டு வாரம் எழுதிப் பயனில்லை.

கட்டணம் அனுப்புவதாக இருந்தால், வங்கி அந்நியச் செலாவணிக்கான ஏ2 படிவம், முகவரின் இன்வாய்ஸ், வரி தொடர்பாக ஆடிட்டரின் சான்று ஆகியவற்றைக் கேட்கும். ராமநாதபுரத்துச் சின்னக் கிளைகளில் இது அடிக்கடி வரும் வேலை அல்ல, கோப்பு மதுரைக்கோ சென்னைக்கோ போய்த் திரும்பும். பத்து நாள் கூடுதலாகக் கணக்கிடுங்கள். இரு பக்க வங்கிக் கட்டணத்தையும் நீங்களே ஏற்பதாகக் குறிப்பிடாவிட்டால், முகவருக்குப் பத்திருபது யூரோ குறைவாகப் போய்ச் சேரும், அது வரும்வரை அவர் படத்தை அனுப்ப மாட்டார்.

5. தணிக்கை

இந்தியாவில் வெளியாகாத வெளிநாட்டுப் படத்துக்குத் தணிக்கைச் சான்று இருக்காது. சான்றில்லாத படத்தைப் பொதுவில் காட்டுவது 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவில் மத்திய அரசு விலக்கு தரலாம். விழாக்களும் திரைப்படச் சங்கங்களும் இந்த விலக்கில்தான் ஓடுகின்றன.

நீங்கள் செய்யவேண்டியது, படம் தருபவரிடம் "விலக்குக் கடிதம் இருக்கிறதா, அதில் எங்கள் ஊரும் தேதியும் அடங்குமா" என்று கேட்டு நகல் வாங்குவது. சென்னைத் திரையிடலுக்கான விலக்கு ராமநாதபுரத்துக்குத் தானாகப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். தனியாக விண்ணப்பிப்பதானால் படப் பட்டியல், கதைச்சுருக்கம், படங்களைப் பார்த்துத் தேர்ந்த குழுவின் சான்று எல்லாம் வைத்து, குறைந்தது ஒரு மாதம் முன்பே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

விலக்குப் படத்துக்கு வாசலில் டிக்கெட் விற்காதீர்கள். ஆண்டுச் சந்தா மட்டும். விருந்தினர் என்றால் பெயர், கைபேசி எண், கையெழுத்து.

6. தமிழ் வசனவரி

ஆங்கில வசனவரியோடு போட்டால் கல்லூரி ஆசிரியர்கள் பத்துப் பேர் வருவார்கள். இந்த ஊருக்கு இந்தப் படம் வர வேண்டுமென்றால் தமிழ் வேண்டும்.

தொண்ணூறு நிமிடப் படத்தில் ஏறத்தாழ ஆயிரம் வசனத் துண்டுகள் வரும். இருவர் மொழிபெயர்த்து, மூன்றாமவர் படத்தோடு ஓட்டிப் பார்த்துத் திருத்த மூன்று வாரம் கொடுங்கள். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு முறைக்கு இரண்டு வரி, வரிக்கு நான்கைந்து சொல். ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக இருப்பது தமிழில் நீளும், அதனால் எல்லாவற்றையும் மொழிபெயர்க்க நினைக்காமல் சாரத்தை மட்டும் எழுதுங்கள். ஒன்றரை விநாடிக்குக் குறைவாக எந்த வரியும் நிற்கக் கூடாது. நடை எல்லோருக்கும் புரியும் பேச்சுத் தமிழாக இருக்கட்டும். மேடைத் தமிழில் எழுதினால் சோகக் காட்சியில் அரங்கம் சிரிக்கும்.

தொழில்நுட்பத்தில் சிக்குவது இரண்டு இடத்தில். வசனக் கோப்பு ஒரு பதிப்புக்கும் படம் வேறு பதிப்புக்கும் உரியதாக இருக்கலாம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படம் 25 ஃபிரேமில் ஓடினால் 100 நிமிடம் 96 நிமிடமாகிவிடும். தொடக்கத்தில் சரியாக இருக்கும் வசனம் முடிவில் நான்கு நிமிடம் தள்ளிப்போயிருக்கும். ஆகவே படத்தின் முதல் ஐந்து நிமிடத்தோடு கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, எழுத்துரு. பென்டிரைவில் போட்டு டிவியிலோ ப்ரொஜெக்டரிலோ நேராக ஓட்டினால் "கொ", "கோ" எல்லாம் கால் தனியாக, கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, மடிக்கணினியிலிருந்து விஎல்சி பிளேயர் வழியாக, நல்ல தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து ஓட்டுங்கள். வசனத்தைப் படத்தின் மேலேயே பதித்து நிரந்தரமாக்குவது இன்னும் பாதுகாப்பு. ஆனால் அது படத்தின் பிரதியை மாற்றுவது, அதற்கு அனுமதிக் கடிதத்தில் தனி வரி வேண்டும்.

வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் அதிகம் வருவார்கள் என்றால், ஒருவர் ஒலிபெருக்கியில் வசனங்களைத் தமிழில் ஓடவிட்டு வாசிக்கலாம். விழாக்களில் இது பழைய வழக்கம். நடிக்க வேண்டாம், வாசித்தால் போதும்.

7. இடமும் கருவியும்

கல்யாண மண்டபம் பார்க்கப் பெரிது, ஆனால் எதிரொலி வசனத்தை விழுங்கிவிடும், சன்னல்களை மூட முடியாது, முகூர்த்த நாளில் கிடைக்காது. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம்தான் சிறந்தது: இருட்டு இருக்கும், நாற்காலி இருக்கும், ப்ரொஜெக்டர்கூட இருக்கும். முதல்வருக்குக் கடிதம் கொடுக்கும்போது கதைச்சுருக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பங்குக் கூடமும் நல்ல இடம், பங்குத்தந்தையிடம் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி நேரத்தைக் கேட்டுக்கொண்டு தேதி சொல்லுங்கள். திரையரங்கத்தில் போடுவதானால், அங்குள்ள சர்வர் டிசிபி வடிவை (திரையரங்குகளுக்கான டிஜிட்டல் படக் கோப்பு) ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். பூட்டுள்ள டிசிபி என்றால் சாவி குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் திறக்கும், அந்த நேரத்தைச் சில சமயம் உலகப் பொது நேரத்தில் எழுதியிருப்பார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. முந்தின நாளே ஏற்றி, ஓடுகிறதா என்று பாருங்கள்.

திறந்தவெளியில் போடும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். விலக்குப் படத்தைக் கடற்கரையில் காட்டினால் அது உறுப்பினர் திரையிடல் ஆகாது. காவல் நிலைய அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பாம்பன் பக்கம் திரைத்துணி பாய்மரமாகி ஸ்டாண்டையே இழுத்துக்கொண்டு போகும்.

பத்தடி அகலத் திரைக்கு, இருட்டான அறையில், 3,000 முதல் 3,500 லூமென் ப்ரொஜெக்டர் போதும். பதினான்கு அடிக்கு 4,500க்குக் குறையக் கூடாது. எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு, ப்ரொஜெக்டரின் த்ரோ விகிதத்தைத் திரையின் அகலத்தால் பெருக்குங்கள்: 1.5 விகிதம் என்றால் பத்தடித் திரைக்குப் பதினைந்து அடி. எச்டிஎம்ஐ கேபிள் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் சாதாரணக் கேபிள் படத்தை விட்டுவிட்டுக் காட்டும், ஆப்டிகல் கேபிள் கேளுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் திரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சுவரோரமோ பின்னாலோ அல்ல.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் வரை ப்ரொஜெக்டர் அணைந்து சூடேறி, விளக்கு போய்விடும் ஆபத்து உண்டு. ஒரு கேவிஏ யூபிஎஸ்ஸில் ப்ரொஜெக்டரையும் மடிக்கணினியையும் மட்டும் இணையுங்கள், ஆம்ப்ளிஃபையரை அதில் போடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டே தேதி குறியுங்கள். சங்கத்துக்குச் சொந்தமாகக் கருவி வாங்கினால், உப்புக்காற்றுதான் எதிரி: இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். இறுக்கி மூடும் பெட்டியில், சிலிகா ஜெல் பையோடு வையுங்கள், மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

ஒரு திரையிடலுக்கு ப்ரொஜெக்டர், ஒலி, வண்டிச்சத்தம் எல்லாம் சேர்த்து 6,000 முதல் 9,000 ரூபாய், டீசல், டீ, நோட்டீஸுக்கு 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். கூடம் இலவசமாகக் கிடைத்தாலும் வாட்ச்மேனுக்கும் துப்புரவு செய்பவருக்கும் கொடுப்பதைக் கணக்கில் சேருங்கள், இல்லையென்றால் இரண்டாம் முறை சாவி கிடைக்காது.

8. தேதி

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரை வரும். அந்த மூன்று நாளும் ராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் திரையிடல் வேண்டாம். ஞாயிறு மாலை நல்லது. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினத்தில் அந்தித் தொழுகையான மஃரிபுக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் நடுவே முழுப் படம் அடங்காது, இஷா தொழுகை முடிந்து தொடங்குங்கள், 90 நிமிடத்துக்கு மேற்படாத படமாகப் பாருங்கள். ரமலான் மாதம் முழுக்க விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. உறுப்பினர் சேர்க்க நல்ல நேரம், சந்தா வசூலிக்கக் கெட்ட நேரம். தடைக்காலத்தில் பெயரைப் பதிந்துகொண்டு சந்தாவை ஆகஸ்டில் வாங்குங்கள்.

ஆடி, தை அமாவாசைகளில் ராமேசுவரம், சேதுக்கரை, தேவிபட்டினச் சாலைகள் நகராது. ஏர்வாடிச் சந்தனக்கூடு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை எப்போதும் வரலாம், அனுமதிக் கடிதத்தில் மாற்றுத் தேதி கேட்கச் சொன்னது இதற்காகத்தான். எல்லாம் கழித்துப் பார்த்தால் ஆண்டில் எட்டுத் திரையிடல் தேறும். சந்தா நோட்டீஸில் பன்னிரண்டு என்று அச்சடிக்காதீர்கள்.

எந்த ஊரானாலும் கடைசி டவுன் பஸ் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் படம் முடிய வேண்டும். பெண்கள் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது.

9. திரையிட்ட பிறகு

மூன்று நாளுக்குள் உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல்: தேதி, வந்தவர் எண்ணிக்கை, அரங்கத்தின் இரண்டு புகைப்படம். படம் ஓடும் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பாதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள், 34 பேர் என்றால் 34. டிஜிட்டல் கோப்பாக வந்திருந்தால் அழித்துவிட்டு, அழித்ததாக எழுதுங்கள். "ஒரு நகல் இருக்கட்டும்" என்று யாராவது கேட்பார்கள், நிர்வாகக் குழு உறுப்பினரே கேட்பார். ஒரு பிரதி வெளியே போனால் அந்த மையம் மறுபடி படம் தராது. ஹார்ட் டிஸ்க்காக வந்திருந்தால் காப்பீட்டோடு கூரியர் செய்து, ரசீது எண்ணை அன்றே அனுப்புங்கள்.

வருகைப் பதிவேடு, அனுமதிக் கடிதம், விலக்குக் கடிதம், செலவு ரசீது நான்கையும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்பாகக் கட்டுங்கள். மார்ச் 31இல் கணக்கை மூடி, ஆடிட்டரிடம் கொடுத்து, செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி, வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. திரையிடல் நடந்துகொண்டே இருப்பதால் இதை மறந்துவிடுவார்கள், இரண்டு மூன்று ஆண்டு பாக்கி சேர்ந்தபின் அபராதத்தோடு கட்டுவது சிரமம். ஆடிட்டர் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 ரூபாயைச் சந்தாப் பணத்திலிருந்து முதலிலேயே தனியாக எடுத்துவையுங்கள்.